ஸ்வீப் வண்டிக்குப் பின்னால்

அந்த அம்மாள் திரும்பிப் பார்க்கவேயில்லை.

பன்னீர்செல்வம் இரண்டு முறை ஹாரன் அடித்தார். மணி எட்டாகியும் விடியாதது போலக் கிடந்தது சாலை. ஒரு பக்கம் ஆகாயத்தாமரை மூடிய கால்வாய், மறுபக்கம் வங்காளிகள் பேரி என்று சொல்லும் மீன் ஏரிகள், நடுவில் ஈரத் தார், எல்லாவற்றின் மேலும் சேற்று வாசனையோடு இறங்கியிருந்த டிசம்பர் பனி. அந்தப் பனியில் ஹாரன் சத்தம் கொஞ்ச தூரம் போய் அமுங்கிவிட்டது. முப்பதடிக்கு முன்னால், கால்வாய்க் கரையை ஒட்டி, அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள் அவள். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி ஒரு அட்டையைப் பிடித்திருந்தாள். அட்டையில் பச்சை எழுத்தில் ஓகே. நீல ஜாக்கெட்டின் முதுகில் வெள்ளையாகப் பதினேழு. வெளுத்த தலைமயிர் பின்கழுத்தோடு ஒட்டிக் கிடந்தது.

"முதுகைக் காட்டிக்கிட்டு யாராச்சும் ஓகே சொல்லுவாங்களாம்மா?" என்றார் பன்னீர்செல்வம்.

"பனியில எந்தப் பக்கம் பாக்கறதுன்னு தெரியாம நிக்கறா. ஓகேன்னு காட்டறாளோன்னோ, போதும் அண்ணா. வண்டியைத் திருப்புங்கோ" என்றாள் தாரா.

சொல்லிவிட்டுக் கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டி, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். ஒரு முதுகுக்குக் கட்டைவிரல் காட்டிய முதல் ஆள் அவளாகத்தான் இருப்பாள். மடியிலிருந்த பட்டியலில் பதினேழுக்கு எதிரே சிவப்புப் பென்சிலால் ஒரு டிக் போட்டு, பக்கத்தில் 8.00 என்று நேரத்தையும் எழுதினாள். வண்டி அந்தக் குறுகலான சாலையிலேயே முன்னும் பின்னும் நெளிந்து திரும்பியது. திரும்பும்போது பின்பக்க விளக்கின் சிவப்பு பனியில் பரவியது. அந்த அம்மாள் அதற்கும் அசையவில்லை.

தாராவுக்கு அந்த ரேலியில் கொடுத்திருந்த வேலைக்கு ஸ்வீப் என்று பெயர். பதினாலு நாடுகளிலிருந்து முப்பத்தெட்டுப் பழைய கார்கள் வந்திருந்தன. கவுகாத்தியில் கிளம்பி, பன்னிரண்டு நாள் உருண்டு, கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தாயிற்று. இன்று கடைசி நாள். அலிப்பூரிலிருந்து கிளம்பி, கால்வாய்ச் சாலை வழியாக டாக்கி வரை போய், அதே வழியில் சாயங்காலம் அலிப்பூருக்கே திரும்பவேண்டும். எல்லாக் கார்களுக்கும் கடைசியாகப் போய், வழியில் நின்றுபோனவர்களைக் கவனித்துக் கூட்டிச் சேர்ப்பதுதான் ஸ்வீப் வண்டியின் வேலை. அதற்கு அடையாளமாக வண்டியின் பின்னால் மஞ்சள் பலகை ஒன்று கட்டியிருந்தார்கள். ஸ்வீப்புக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. எந்த ரேலிக் காரையும் அது முந்தக் கூடாது. ஓகே அட்டை காட்டினால் பழுதை அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள் என்று அர்த்தம். ஆனாலும் அவர்கள் கிளம்புகிறவரை ஸ்வீப் பின்னால் காத்துக்கொண்டு நிற்கவேண்டும்.

தாரா நிற்கவில்லை. அதற்குக் காரணம் போன வருஷம். போன வருஷமும் அவள்தான் ஸ்வீப். ரேடியேட்டர் வெடித்த ஒரு காரோடு மல்லுக்கட்டிவிட்டு இரவு எட்டுக்கு வந்து சேர்ந்தபோது, பரிசளிப்பு அவளுக்காகக் காத்திருந்தது. கிளப் செயலாளர் ஹரிஷங்கர் மைக்கைப் பிடித்து, "தாரா வந்தாச்சு, இனிமே நாளைக்கு விடியலாம்" என்றார். இருநூறு பேர் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். பாலிகஞ்ச் வீட்டுக்குப் போய் அழுதது அவளுக்குத்தான் தெரியும். இந்த வருஷம் ஆறு மணிக்குள் அலிப்பூரில் பட்டியலை மூடிக் கொடுப்பது என்று கங்கணம் கட்டிக்கொண்டிருந்தாள்.

காலையிலேயே அதற்குச் சோதனை வந்தது. பனியில் முன்னால் போன லாரியின் வாலைப் பிடித்துக்கொண்டு போனதில் வழி தப்பி, ஏரிக்கரை மேலாகச் சுற்றி, கால்வாய்ச் சாலையில் நாலு கிலோமீட்டர் தள்ளி வந்து ஏறினார்கள். ஸ்வீப் ஒரு அடியைக் கூட விடக் கூடாது. ஆகவே நகரத்தைப் பார்த்துத் திரும்பவும் வந்தார்கள். எதிரே ஒரு ரேலிக் காரும் வரவில்லை. அந்தப் பதினேழாம் நம்பர் அம்மாள் மட்டும் நின்றாள். பார்த்தாயிற்று, டிக் போட்டாயிற்று, திரும்பியாயிற்று.

"கார் எங்கம்மா?" என்று கேட்டார் பன்னீர்செல்வம்.

"எந்தக் கார்?"

"அவங்க கார். ஆளைப் பாத்தோம். காரைப் பாக்கலியே."

"பனிக்குள்ள முன்னாடி நின்னிருக்கும்."

பன்னீர்செல்வம் காரக்பூர் ரயில்வே காலனிக்காரர். முப்பத்திரண்டு வருஷம் ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர். கொஞ்ச தூரம் போனதும் தானாகவே பேசினார். "ரயில்ல கடைசிப் பெட்டிக்குப் பின்னாடி எல்.வி.ன்னு ஒரு போர்டு மாட்டுவோம். வண்டி ஸ்டேஷனைத் தாண்டறப்ப அந்த போர்டைப் பாத்தாத்தான் பின்னாடி வர்ற வண்டிக்கு லைன் குடுப்பாங்க. போர்டு இல்லைன்னா பாதி வண்டி நடுவழியில அத்துக்கிட்டு நிக்குதுன்னு அர்த்தம். நம்ம வண்டியில போர்டு இருக்கு. ஆனா நமக்குப் பின்னாடி ஒரு வண்டி இருக்கு. இது முறையில்லம்மா."

"அவா நமக்குப் பின்னாலயே வந்துடுவா அண்ணா."

சொல்லும்போதே அவளுக்கு முந்தாநாள் ராத்திரிச் சாப்பாடு ஞாபகம் வந்தது. பதினேழாம் எண் ஒரு டச்சுத் தம்பதியுடையது. கரும்பச்சை நிறத்தில், உருண்டை முதுகோடு, அறுபத்தைந்து வயசான கார். கணவர் ஓட்டுவார். மனைவி ஹன்னா வழி சொல்லுவாள். எழுபதைத் தாண்டியவள், சாப்பாட்டு மேஜையில் தாராவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்களுக்குப் பின்னால் யார் வருவார்கள்?" என்று கேட்டாள். "நான்தான். நீங்கள் எவ்வளவு தாமதமானாலும் உங்களுக்கு அப்புறம்தான் நான்" என்றாள் தாரா. "அப்படியானால் நிம்மதியாகத் தூங்குவேன்" என்று சிரித்தாள் அந்த அம்மாள்.

மலஞ்சாவில் முதல் கன்ட்ரோல், கார்கள் நின்று நேரம் பதிகிற இடம். அதைக் கவனிக்கிற மார்ஷல் மது மடக்கு நாற்காலியில் குல்லாயும் மஃப்ளருமாக உட்கார்ந்திருந்தார். கரியாஹாட்டில் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை; லீவு போட்டுவிட்டு வருஷா வருஷம் ரேலிக்கு வருகிறவர். வங்காளி வழக்கப்படி தாராவுக்கு அவர் மதுதா, அதாவது மது அண்ணா. "முப்பத்தேழு கார் வந்தாச்சு. பதினேழாம் நம்பர்தான் பாக்கி" என்றார்.

"பதினேழைப் பாத்துட்டேன் மதுதா. ஓகே காட்டினா. பின்னாலயே வந்துண்டிருக்கா."

"நீ சொன்னா சரி. ஸ்வீப் வந்தா கன்ட்ரோலை மூடிடலாம். ஒரு கையெழுத்துப் போட்டுடேன்."

தாரா கையெழுத்துப் போட்டாள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று ஊரெல்லாம் சொல்லும். ஆத்திரப்படுகிறபோது அது யாருக்கு ஞாபகம் வருகிறது?

பனி விலகிய பிறகு நாள் நன்றாகத்தான் இருந்தது. செங்கல் சூளைப் புகை, பேரீச்சை வெல்லம் காய்ச்சுகிற வாசனை, பழைய காரெல்லாம் போவதைப் பார்க்க வாசலில் நிற்கும் ஜனங்கள். பன்னீர்செல்வம் மட்டும் அடிக்கடி கண்ணாடியைப் பார்த்தார். பின்னால் ஏதோ ஒரு தூரத்தில், வெயிலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டு ஒரு வண்டி வந்தது. பழைய காலத்து மஞ்சள் விளக்கு.

"வரா பாருங்கோ. நான் சொன்னேனோல்லியோ" என்றாள் தாரா. அவளுக்கு மனசு லேசாயிற்று. ஓரமாக நிறுத்தி அவர்களை முன்னால் விடலாம் என்றாள். நிறுத்தினார்கள். மஞ்சள் விளக்கும் நின்றது. ஐந்து நிமிஷம் காத்திருந்தார்கள். அதுவும் காத்திருந்தது. கிளம்பினார்கள். அதுவும் கிளம்பியது.

டாக்கியில் ஆற்றங்கரையில் சாப்பாடு. லூச்சி என்கிற மைதாப் பூரியும் உருளைக்கிழங்கும் தட்டில் இருக்க, எண்ணெய் படாமலிருக்க ரோடு புக்கை எடுத்து ஓரமாக வைத்தாள் தாரா. எந்தத் திருப்பத்தில் எப்படிப் போவது என்று படம் போட்ட புத்தகம் அது. எல்லா வண்டியிலும் ஒன்று இருக்கும். காற்றில் அதன் கடைசித் தாள் படபடத்தது. தடித்த அட்டை, கிழித்துத் தூக்கிக் காட்டுவதற்காகவே வைத்தது. பச்சையில் ஓகே. காற்று அதைத் திருப்பிப் போட்டது.

மறுபக்கம் சிவப்பில் எஸ்.ஓ.எஸ்.

கையிலிருந்த லூச்சியைத் தட்டிலேயே வைத்துவிட்டாள் தாரா.

அந்த அம்மாள் நகரத்தைப் பார்த்து நின்றாள். கார்கள் நகரத்திலிருந்துதான் வரவேண்டும். ஸ்வீப்பும் அந்தத் திசையிலிருந்துதான் வரவேண்டும். வரவேண்டியவர்கள் பார்க்கட்டும் என்று சிவப்பை அந்தப் பக்கம் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். தாரா வந்தது எதிர்த் திசையில். தாரா பார்த்தது பின்பக்கத்தை. ஓகே இல்லை. அது ஓகேயே இல்லை. ஹாரனுக்குக் கூடத் திரும்பாமல், கையைக் கீழே இறக்காமல், எவ்வளவு நேரம் நின்றாளோ. அவளுடைய கணவர் எங்கே? கார் எங்கே?

பட்டியலின் பின்பக்கம் எல்லாருடைய அவசர நம்பரும் இருந்தது. பதினேழின் நம்பரை அடித்தாள். மணி அடித்தது. எடுத்தார்கள்.

"ஹன்னா? ஹன்னா, நான் தாரா. ஆர் யூ ஆல்ரைட்?"

பதிலில்லை. டிக், டிக், டிக் என்று ஒரு சத்தம். திரும்புவதற்கு முன்னால் போடுகிற இண்டிகேட்டரின் சத்தம். ஆனால் ரொம்ப மெதுவாக, கனமாக, ஏதோ ஒரு குடத்துக்குள்ளிருந்து வருவது போல. நடுநடுவே ஒரு குமிழி.

போனை வைத்துவிட்டு ஹரிஷங்கரின் நம்பரைத் தேடினாள். ஆள் அனுப்பவேண்டும், ஆம்புலன்ஸ், போலீஸ், கால்வாயில் இறங்க ஆட்கள். எல்லாம் சொல்லிவிட வேண்டும். நான்தான் விட்டுவிட்டு வந்தேன் என்று சொல்லவேண்டும்.

அப்போது டாக்கி மார்ஷல் பிரியங்கா கையை வீசிக்கொண்டு வந்தாள். "தாராதி, உங்க பதினேழும் வந்துட்டுப் போயாச்சு. ஷீட் ஃபுல்."

"வந்துட்டாளா? நீ பாத்தியா?"

"பாத்தேனே. அந்தப் பச்சைக் கார். இப்பத்தான், நீங்க சாப்பிடப் போனப்ப. அந்த லேடி ஜன்னல் வழியா கையை மட்டும் நீட்டி டைம் எழுதிக் கையெழுத்துப் போட்டா. முகத்தை அந்தப் பக்கமா வெச்சுண்டிருந்தா, கோபம் போல. என் ஷீட்டெல்லாம் நனைச்சுட்டா. காரெல்லாம் ஒரே சேத்து வாசனை, பாபா!"

தாராவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அத்தனை சந்தோஷம். வந்துவிட்டார்கள், உயிரோடு வந்துவிட்டார்கள், கோபமாக இருக்கிறாள், இருக்கட்டும், ராத்திரி காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். ஹரிஷங்கருக்குப் போன் போடவில்லை. போடுவதற்கு இனி என்ன இருக்கிறது என்று தோன்றியது. வழக்கம்போல ஷீட்டை மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

திரும்பும் வழியில் வெயில் சாயத் தொடங்கியது. அந்த ஊரில் டிசம்பரில் நாலரைக்கே விளக்கு வைக்கவேண்டும். வைக்கோல் எரிகிற புகை வயலின் மேல் தட்டையாகப் படுத்திருந்தது. பன்னீர்செல்வம் கண்ணாடியை ஒரு விரலால் மேலே தள்ளிவிட்டார்.

"என்ன அண்ணா?"

"அந்த மஞ்ச லைட்டு. நம்ம பின்னாடியேதான் வருது."

"டாக்கியில நமக்கு முன்னாடியே கிளம்பிட்டான்னு பிரியங்கா சொன்னாளே."

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டிருக்கேன். நீங்களும் சொல்லுங்க."

தாரா திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க மொபைலை எடுத்து அந்தப் படத்தைப் பெரிதாக்கினாள். முப்பத்தெட்டு வரிகள். பதினேழின் வரியில் மை கரைந்து நீலமாகப் பரவியிருந்தது. எண்கள் மட்டும் தெரிந்தன. வந்த நேரம் பன்னிரண்டே முக்கால் வாக்கில் இருக்கவேண்டும்.

7.52 என்று இருந்தது.

மூன்று தடவை பார்த்தாள். 7.52. அவள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவதற்கு எட்டு நிமிஷம் முன்னால். ஒரு கார் சாலையிலிருந்து இறங்கி, பச்சை இலையெல்லாம் விலகி, மறுபடி மூடிக்கொள்ள எட்டு நிமிஷம் தாராளம். அப்படியானால் எட்டு மணிக்குக் கரையில் நின்றது யார்?

வயசான அம்மாள், கைதவறி எழுதிவிட்டாள், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உடம்பு கேட்கவில்லை. ஸ்வெட்டருக்குள் முதுகு ஈரமாயிற்று.

மலஞ்சாவுக்கு வரும்போது மணி நாலு இருபது. திரும்பும் கார்களையும் குறித்து முடித்து, மது நாற்காலியை மடித்துக்கொண்டிருந்தார். "அரே, உன் போர்டு எங்க தாரா?"

இறங்கிப் பார்த்தாள். பின்பக்கம் மஞ்சள் பலகை இல்லை. கட்டியிருந்த கயிறு அப்படியே முடிச்சோடு இருந்தது. முடிச்சு அவிழவில்லை. கயிற்றிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஒரு ஆகாயத்தாமரை வேர், கறுப்பாக, மயிர் போல, அதில் சுற்றிக் கிடந்தது.

"எங்கயாவது விழுந்திருக்கும்" என்றாள். குரல் அவளுடையதாக இல்லை. "மதுதா, பதினேழு..."

"பதினேழுக்கு நீதான் காலையிலயே டிக் போட்டாச்சே. பிரியங்காவும் டிக் போட்டிருக்கா. எனக்குப் போதும். நான் ஷீட்டெல்லாம் எடுத்துண்டு முன்னாடி போறேன். ஆறு மணிக்கு மூடிடலாம். ஹரிஷங்கரோட மூஞ்சியைப் பாக்கணுமே!"

சொல்லிவிடு என்றது மனசு. இப்போதே சொல்லிவிடு, உன்னோடு கூட வரச்சொல். ஆறு மணி என்றது இன்னொரு மனசு. மதுவின் காரின் சிவப்பு விளக்கு புகைக்குள் சின்னதாகி மறைந்தது. தாரா நின்றுகொண்டே இருந்தாள்.

வண்டியில் ஏறியதும் பன்னீர்செல்வம் கேட்டார். "போர்டு இல்லியா?"

"இல்லை."

"அப்ப நாம கடைசி வண்டி இல்லம்மா." அவ்வளவுதான் சொன்னார். கியரைப் போட்டார்.

கால்வாய்ச் சாலை. பனி மறுபடி இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் ஏரிகளின் மேல், பிறகு தாரின் மேல், பிறகு கண்ணாடியில். எதிரே லாரி இல்லை, சைக்கிள் இல்லை, நாய் கூட இல்லை. பின்னால் மஞ்சள் விளக்கு கொஞ்சம் கிட்டே வந்திருந்தது. தாரா போனை எடுத்தாள். இந்தத் தடவை நிறுத்தவில்லை. ஹரிஷங்கர் எடுத்ததும் கொட்டிவிட்டாள். "நான் தப்புப் பண்ணிட்டேன் சார். பதினேழு காலையில எஸ்ஓஎஸ் காட்டியிருக்கா. நான் பின்பக்கத்தைப் பாத்து ஓகேன்னு நினைச்சுட்டேன். நின்னு பாக்காம வந்துட்டேன். அவா கால்வாயில இருக்கா. யாரையாவது அனுப்புங்கோ. உடனே அனுப்புங்கோ." அழுதுகொண்டே சொன்னாள். சொன்னதும் இத்தனை நேரம் நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாறை கொஞ்சம் நகர்ந்தது.

"தாரா? கேக்கலை... எங்க இருக்கே? மது பாதி வழியிலதான் இருப்பான், அவனைத் திருப்பி அனுப்பறேன்..." கோடு அறுந்தது.

வண்டி இருமியது. இன்னொரு தரம் இருமியது. பன்னீர்செல்வம் கால்வாய்ப் பக்கமாக ஒதுக்குவதற்குள் நின்றேவிட்டது. இடது இண்டிகேட்டரைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினார். ஒன்றும் இல்லை.

டிக், டிக், டிக்.

எந்த இடம் என்று தாரா பார்த்தாள். கரையில் புல் ஓரிடத்தில் நசுங்கியிருந்தது. இரண்டு கோடுகள். சாலையிலிருந்து தண்ணீர் வரை. காலையில் இதே பக்கமிருந்து பார்த்த அதே கரை.

"இறங்காதீங்கம்மா" என்றார் பன்னீர்செல்வம்.

"வர வண்டி நம்ம மேல மோதிடும் அண்ணா. பனியில தெரியாது."

ரோடு புக்கின் கடைசி அட்டையைக் கிழித்தாள். இறங்கினாள். சேற்று வாசனை முகத்தில் அடித்தது. வண்டிக்குப் பின்னால் முப்பதடி நடந்து போய், விளக்கு வரும் திசையைப் பார்த்து நின்று, அட்டையை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினாள். சிவப்பு முன்பக்கம். இரண்டு தரம் சரிபார்த்தாள். சிவப்புதான் முன்பக்கம்.

மஞ்சள் விளக்கு வந்தது. மெதுவாக. எஞ்சின் சத்தம் இல்லை. தண்ணீர் ஒழுகும் சத்தம் மட்டும். கரும்பச்சை. உருண்டை முதுகு. கதவின் இடுக்குகளிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தது. காலையிலிருந்து ஊற்றியும் தீராத தண்ணீர்.

பக்கத்தில் வந்து நின்றது.

ஜன்னல் இறங்கியது. ஓட்டுகிற இடத்தில் யாரோ குனிந்திருந்தார்கள். இந்தப் பக்கம் நீல ஜாக்கெட். முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஈர முடி. வெளுத்த பின்னந்தலை. திரும்பவில்லை.

"ஹன்னா" என்றாள் தாரா. "மன்னிச்சுடுங்கோ. ப்ளீஸ்."

ஒரு கை வெளியே வந்தது. ஊறி வெளுத்த கை. கட்டைவிரல் மேலே தூக்கியிருந்தது.

பிறகு அந்தக் கை உள்ளே போனது. ஈரக் காகிதத்தில் பென்சில் கிழிக்கிற சத்தம் கேட்டது. ஒரு டிக். கார் நகர்ந்தது. தாராவின் கண் ஓரத்தில் அதன் பின்பக்கம் ஒரு கணம் தெரிந்தது. மஞ்சள் பலகை. ஸ்வீப்.

அது அவளைத் தாண்டிப் போயிற்று. பன்னீர்செல்வத்தை நோக்கி.

திரும்பிப் பார்க்க நினைத்தாள். கழுத்து திரும்பவில்லை. கையை இறக்க நினைத்தாள். இறங்கவில்லை. பின்னால் மண் சரிந்தது. ஒரு கதவு திறக்கப் பார்த்தது. "அம்மா!" என்று ஒரு குரல். ஒரே ஒரு தரம். இலைகள் விலகின. இலைகள் மூடிக்கொண்டன. டிக், டிக் என்ற சத்தம் இப்போது கீழேயிருந்து வந்தது. மெதுவாக. கனமாக.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஸ்வெட்டர் நனைந்து, முடி நனைந்து, கையிலிருந்து முழங்கை வழியாகத் தண்ணீர் வழிந்தது.

அப்புறம் முதுகுக்குப் பின்னால் ஒரு கார். நகரத்திலிருந்து. ஹாரன் அடித்தது. இரண்டு முறை.

மதுதா! கத்தினாள். வாயிலிருந்து தண்ணீர்தான் வந்தது.

கண்ணாடி இறங்கும் சத்தம். மதுவின் குரல், போனில் யாரிடமோ. "ஆமா சார், கிடைச்சுட்டா. தாராதான், தெரியறது. வண்டியைக் காணோம், பனிக்குள்ள தள்ளி நின்னிருக்கும். இல்லை சார், ஒண்ணும் இல்லை. ஓகேன்னு காட்டிண்டு நிக்கறா. நான் திரும்பறேன்."

கார் முன்னும் பின்னும் நெளிந்து திரும்பியது. அதன் பின்விளக்கின் சிவப்பு அவளைச் சுற்றிப் பனியில் பரவி, மங்கி, போய்விட்டது.

தாரா நின்றாள். இரண்டு கைகளும் தலைக்கு மேலே. சிவப்பு எழுத்துகள், கடைசி வண்டியும் போய்விட்ட சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தன.